பொலிஸ் ஸ்டோரி 3: நாம் ஓட்டிவிட்டுப் பார்த்த அந்தக் கடைசிப் பேச்சு

கொஞ்சம் நீளமான பதிவு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தேத்தண்ணியோடு இருந்து வாசியுங்கள்.

எங்கள் வயதுக்காரருக்கு ஞாபகம் இருக்கும். தொண்ணூறுகளின் பிற்பகுதி. ஊரில் யாராவது டெக் வாடகைக்கு எடுத்தால் அன்றைக்கு விடிய விடியப் படம். மூன்று கெசட், சில நாளில் நாலு. கரண்ட் போனால் ஜெனரேட்டருக்குக் காசு சேர்ப்போம். முதலில் பெரியவர்களுக்காக ஒரு ரஜினி படம் ஓடும். அது முடிந்ததும் வாப்பாமார் எழும்பிப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகுதான் எங்கள் படம், ஜாக்கி சான் படம்.

எந்த மொழியில் பேசுகிறார்கள் என்று நாங்கள் கேட்டதே இல்லை. அடிதடிக்கும் சிரிப்புக்கும் மொழி எதற்கு? படம் முடியப் போகிற நேரம் பின்வரிசையில் இருந்து ஒரு சத்தம் வரும்: “அடிபடுற கட்டம் வரப்போகுது, ஓட்டுடா!” ஜாக்கி சான் படங்களில் பெயர்ப் பட்டியல் ஓடும்போது, படப்பிடிப்பில் தவறிப்போன கட்டங்களைப் போடுவார்கள். கை உடைந்தது, மண்டை உடைந்தது, ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனது எல்லாம் வரும். அதற்காகவே இரவு முழுக்கக் கண் முழித்திருப்போம். வில்லன் செத்தவுடன் ரிமோட்டில் விரல் போய்விடும். இடையில் ஆளும் ஆளும் நின்று பேசுகிற கட்டம் ஒன்று வேகமாக ஓடிப்போகும்.

போன விடுமுறையில் பழைய சினேகிதர்கள் நாலைந்து பேர் ஒரு வீட்டில் கூடினோம். பிள்ளைகளும் வந்திருந்தார்கள். பழைய நினைவில் ‘பொலிஸ் ஸ்டோரி 3’ படத்தைப் போட்டோம். இந்த முறை நல்ல பிரதி, ஆங்கில எழுத்தும் கீழே ஓடியது. வில்லன் செத்தான். ரிமோட் பிள்ளைகளின் கையில் இருந்தது. அவர்களுக்கு ஓட்டத் தெரியாது, ஏனென்றால் கடைசியில் அடிபடுகிற கட்டம் வரும் என்பதே அவர்களுக்குத் தெரியாது. அதனால் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பேச்சைக் கேட்டோம்.

கதாநாயகன் ஹொங்கொங் பொலிஸ்காரன். கூட நிற்பவர் சீனாவின் பொலிஸ் அதிகாரி, ஒரு பெண். போதைவஸ்து வியாபாரியின் சுவிஸ் வங்கிக் கணக்குப் பணம் யாருக்குச் சேர வேண்டும் என்று இரண்டு பேரும் வாக்குவாதப்படுகிறார்கள். ஹொங்கொங்குக்கு என்கிறார் ஒருவர், சீனாவுக்கு என்கிறார் மற்றவர். 97 வந்தால் எல்லாம் ஒன்றுதானே என்ற கணக்கில் அந்த வாக்குவாதம் போய் முடிகிறது. அது ஒரு சிரிப்புத்தான். அதோடு படம் முடிந்து அடிபடுகிற கட்டங்கள் தொடங்கிவிட்டன.

எங்களில் ஒருவருடைய மகன், இந்த வருடம் சாதாரண தரம் எழுதுகிறவன், கேட்டான்: “97ல என்ன நடந்த சேர்?”

வகுப்பில் இந்தக் கேள்விக்கு ஒரு வரி விடை சொல்லிக்கொடுத்திருக்கிறோம். ‘1997 ஜூலை 1 அன்று பிரித்தானியா ஹொங்கொங்கைச் சீனாவிடம் ஒப்படைத்தது.’ விடைத்தாளுக்கு அது போதும். ஆனால் ஒரு பொலிஸ்காரனும் ஒரு பொலிஸ்காரியும் பிடிபட்ட பணத்துக்குப் பக்கத்தில் நின்று அந்தத் தேதியைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்றால், அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன இருந்தது? அன்றிரவு அவனுக்குச் சரியாகச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு விஷயம். பொலிஸ்காரனைக் கதாநாயகனாக்குவது ஹொங்கொங்கில் லேசான காரியமாக இருக்கவில்லை. அறுபதுகளிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் அந்த ஊர்ப் பொலிஸ் என்றாலே இலஞ்சம்தான். சூதாட்டக் கடை, அபின் கடை, தெருவோரக் கடை என்று எல்லாவற்றிலும் கப்பம். 1973ல் பீட்டர் கோட்பர் என்ற பிரித்தானியப் பொலிஸ் உயரதிகாரியிடம் சம்பளத்துக்குச் சம்பந்தமே இல்லாத சொத்து, 43 இலட்சம் ஹொங்கொங் டொலருக்கு மேல், இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே ஆள் விமானம் ஏறி இங்கிலாந்துக்குப் போய்விட்டார். சனம் தெருவுக்கு இறங்கியது. ஊழலை எதிர்ப்போம், கோட்பரைப் பிடிப்போம் என்று விக்டோரியா பூங்காவில் கூட்டம் கூடியது. அதன் விளைவாக 1974 பெப்ரவரியில் பொலிசுக்குக் கட்டுப்படாத, ஆளுநருக்கு நேரடியாகப் பதில் சொல்கிற ஊழல் ஒழிப்பு ஆணைக்குழு ஒன்று உருவானது. 1975ல் கோட்பர் திருப்பிக் கொண்டுவரப்பட்டு நாலு வருடச் சிறைத்தண்டனை பெற்றார்.

அதோடு கதை முடியவில்லை. ஆணைக்குழு ஒவ்வொரு பொலிஸ் நிலையமாகத் தோண்டத் தொடங்கியதும், 1977 ஒக்டோபரில் பொலிஸ்காரர்களே ஊர்வலம் போனார்கள். அவர்களில் ஒரு கூட்டம் ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குள் புகுந்து அடித்தது. சட்டத்தைக் காப்பவர்கள் சட்டம் கேள்வி கேட்டதற்காகக் கலகம் செய்தார்கள். ஆளுநர் மெக்லிஹோஸ் இறங்கி வந்து, 1977க்கு முன் நடந்த பெரும்பாலான குற்றங்களுக்கு மன்னிப்பு அறிவிக்க வேண்டி வந்தது.

இது நடந்து எட்டு வருடம் கழித்து, 1985ல், முதலாவது ‘பொலிஸ் ஸ்டோரி’ வந்தது. ஜாக்கி சானே இயக்கிய படம். சான் கா-குய் என்ற சாதாரணப் பொலிஸ்காரன். மலைச் சரிவில் இருக்கிற தகரக் குடிசைகளுக்குள்ளால் கார்கள் உருண்டு இறங்குகிற முதல் காட்சியையும், கடைத்தொகுதியின் மேல்மாடியில் இருந்து மின்விளக்குகள் சுற்றிய கம்பத்தில் அவர் சறுக்கி இறங்குகிற கடைசிக் காட்சியையும் யாரும் மறந்திருக்க மாட்டோம். நாங்கள் கவனிக்காமல் விட்டது வேறொன்று. அந்தப் படத்தில் கா-குய்க்கு எதிரி போதைவஸ்து முதலாளி மட்டுமல்ல. கொலைப்பழி அவன் தலையில் விழுகிறது, தன் மேலதிகாரியையே பிணையாகப் பிடித்துக்கொண்டுதான் நிலையத்தில் இருந்து வெளியே வருகிறான். கோட்பரையும் 1977ஐயும் கண்ட சனத்துக்கு அந்தக் காட்சி எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த வருடத்தின் சிறந்த படத்துக்கான ஹொங்கொங் திரைப்பட விருது அதற்குத்தான் கிடைத்தது. 1988ல் வந்த இரண்டாம் பாகத்தில் அதே கா-குய் போக்குவரத்துப் பொலிசுக்கு இறக்கப்பட்டு வீதியில் நிற்கிறான். தன் பொலிசைப் பார்த்துத் தானே சிரிக்கிற ஒரு நகரம் இந்தப் படங்களில் இருந்தது.

இனி மூன்றாவது படம். இதை இயக்கியவர் ஸ்டான்லி டொங். ஹொங்கொங்கில் 1992 ஜூலையில் வெளியானது. கிறிஸ் பட்டன் என்கிற கடைசி பிரித்தானிய ஆளுநர் கப்பலில் வந்து இறங்கியதும் அதே மாதம்தான்.

அதற்கு முந்திய எட்டு வருடத்தில் அந்த ஊர் என்ன பாடுபட்டது என்று சுருக்கமாகப் பார்ப்போம். 1984 டிசம்பரில் பிரித்தானியாவும் சீனாவும் கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டன. ஊர் கைமாறும், ஆனால் ஐம்பது வருடத்துக்கு அதன் வாழ்க்கை முறை மாறாது என்பது வாக்குறுதி. குதிரை ஓட்டமும் நடக்கும், நடனமும் நடக்கும் என்று டெங் சியாவோபிங் சமாதானம் சொன்னதாக அந்த ஊரில் ஒரு பேச்சு உண்டு. பிறகு 1989 வந்தது. பெய்ஜிங்கில் மாணவர்கள் தியனன்மென் சதுக்கத்தில் இருந்தபோது, மே 27ஆம் திகதி ஹொங்கொங்கின் ஹெப்பி வெலி குதிரைப் பந்தயத் திடலில் அவர்களுக்காக மாபெரும் இசை நிகழ்ச்சி ஒன்று நடந்தது. ஊரில் பெயர் சொல்லக்கூடிய நட்சத்திரங்கள் அநேகமாக எல்லாரும் மேடை ஏறினார்கள். ஜாக்கி சானும் ஏறினார்.

ஒரு கிழமை கழித்து, ஜூன் 4ல், சதுக்கத்துக்குத் தாங்கிகள் வந்தன.

அதற்குப் பிறகு ஹொங்கொங்கில் யார் எந்த நாட்டுக்குப் போகலாம் என்பதுதான் பேச்சு. கனடா, அவுஸ்திரேலியா. 1992ஆம் வருடத்தில் மட்டும் சுமார் 66,000 பேர் ஊரை விட்டுப் போனார்கள். ஊர் காலியாகிவிடும் என்ற பயத்தில் பிரித்தானியா 50,000 குடும்பத் தலைவர்களுக்கு முழுப் பிரஜாவுரிமை கொடுக்க 1990ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அந்தத் திட்டத்தில் பொலிஸ் போன்ற சீருடைச் சேவைக்காரர்களுக்கு என்றே தனிப் பங்கு ஒதுக்கியிருந்தார்கள். படத்தில் 97ஐச் சொல்லிச் சிரிக்கிற அந்தக் கற்பனைப் பொலிஸ்காரனின் உண்மையான சகாக்கள், அதே வருடங்களில், பிரித்தானியக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தால் அது வேறு படம்.

தொடக்கத்தில் கா-குய்யின் மேலதிகாரிகள் அவனைப் புகழ்ந்து புகழ்ந்து, ‘நீ சுப்பர் பொலிஸ்’ என்று ஏற்றிவிட்டு, சீனாவுக்கு அனுப்புகிறார்கள். பகிடியாகத்தான் எடுத்திருக்கிறார்கள். எல்லையைத் தாண்டிக் குவாங்சோவுக்குப் போனால் அங்கே இன்ஸ்பெக்டர் யாங் காத்திருக்கிறார், விறைத்த சீருடையில், சிரிப்பே இல்லாத முகத்தோடு. எழுபதுகளின் கடைசியில் இருந்தே ஹொங்கொங் தொலைக்காட்சியிலும் சினிமாவிலும் சீனாவில் இருந்து வருகிற ஆள் என்றால் பட்டிக்காட்டான், ஏமாளி. இந்தப் படத்தில் அது தலைகீழாகிவிடுகிறது. வாய்ச்சவடால் விடுகிறவன் ஹொங்கொங்காரன், வேலை தெரிந்தவர் சீனாக்காரி. தாங்கி ஓடி மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. அதற்குள் அந்தப் பக்கத்துச் சீருடைக்கு இவ்வளவு மரியாதை! நாங்கள் இதை வெறும் பயம் என்று சொல்ல மாட்டோம். வரப்போகிற மாப்பிள்ளை வீட்டைப் பற்றி எல்லோரும் கெட்டதையே சொன்னாலும், கலியாணம் நிச்சயமான வீட்டில் யாராவது ஒருவர் ‘நல்ல மனுசர்களாம்’ என்று சொல்லிக்கொண்டுதானே இருப்பார்? அப்படியொரு குரல் இந்தப் படத்தில் கேட்கிறது.

எங்களுக்கு மிகவும் பிடித்தது நடுவில் வருகிற ஃபோஷான் கட்டம். சீனாவின் உழைப்பு முகாமில் இருந்து பென்தர் என்கிற ரவுடியைத் தப்ப வைத்து, அவனுடைய நம்பிக்கையைப் பெறுவதுதான் கா-குய்யின் வேலை. தான் ஃபோஷானைச் சேர்ந்தவன் என்று பொய் சொல்லியிருப்பான். பென்தரும் கூட்டமும் ‘சரி, உன் வீட்டைப் பார்த்துவிட்டுப் போவோம்’ என்று கிளம்ப, சீனப் பொலிஸ் அவசர அவசரமாக ஒரு பொய்க் குடும்பத்தை உருவாக்கி வைக்கிறது. யாங் அவனுடைய தங்கச்சி. அவனுடைய ஹொங்கொங் மேலதிகாரி அங்கிள் பில் கிழவி வேடம் கட்டிக்கொண்டு வருகிறார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், நாங்களும்தான். ஆனால் அந்தக் கிழவி வேடம் கட்டியவர் யார் தெரியுமா? பில் டங். ஹொங்கொங்கில் அவர் நடிகராக மட்டுமல்ல, குதிரைப் பந்தய வர்ணனையாளராகவும் பெயர் பெற்றவர். ஹெப்பி வெலியில் பந்தயம் என்றால் சனத்தின் காதில் ஒலிப்பது அவருடைய குரல். குதிரை ஓட்டம் நிற்காது என்று சமாதானம் சொல்லப்பட்ட ஊரின் அந்தக் குரலுக்குச் சீலை கட்டாத குறையாக வேடம் போட்டு, சீனாவின் ஒரு வீட்டில் ‘இதுதான் உன் சொந்த வீடு, இவர்கள்தான் உன் உறவு’ என்று உட்கார வைத்திருக்கிறார்கள். இயக்குநர் திட்டம் போட்டுத்தான் செய்தாரா என்பது முக்கியமில்லை. அன்றைக்குத் தியேட்டரில் இருந்த ஹொங்கொங் சனம் சிரித்த சிரிப்பில் இதுவும் இருந்திருக்கும்.

இன்ஸ்பெக்டர் யாங்காக நடித்தவர் மிஷெல் இயோ. அவர் சீனாக்காரியும் அல்ல, ஹொங்கொங்காரியும் அல்ல. மலேசியாவின் ஈப்போவில் பிறந்தவர், 1983ல் மிஸ் மலேசியா. எண்பதுகளில் சண்டைப் படங்களில் நடித்து, 1988ல் கலியாணம் முடித்துச் சினிமாவை விட்டவர். விவாகரத்துக்குப் பிறகு திரும்பி வந்த படம் இது. 2023ல் சிறந்த நடிகைக்கான ஒஸ்கார் எடுத்தபோது உங்களில் பலர் செய்தியைப் பகிர்ந்தீர்கள். அவரைத்தான் அன்று டெக்கில் பார்த்தோம் என்று எத்தனை பேருக்குத் தெரிந்தது?

படத்தின் கடைசி அரை மணி நேரம் அவருடைய சொந்த நாட்டில், கோலாலம்பூரில் நடக்கிறது. நம் ஊரில் இருந்து படிக்கவும் வியாபாரத்துக்கும் அங்கே போய்வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். இந்தப் படத்தைப் போட்டுப் பாருங்கள், இரட்டைக் கோபுரத்தைக் காண மாட்டீர்கள். அதன் கட்டுமானம் 1993ல்தான் தொடங்கியது. கோபுரம் இல்லாத அந்த வானத்தில், ஹெலிகொப்டரில் இருந்து தொங்குகிற ஏணியைப் பிடித்துக்கொண்டு ஜாக்கி சான் பறக்கிறார். கீழே வீதிகள், கூரைகள், விளம்பரப் பலகைகள். கம்ப்யூட்டர் வேலை கிடையாது. மிஷெல் இயோ ஓடுகிற ரயிலின் கூரைக்கு மோட்டார் சைக்கிளோடு பாய்கிறார். இந்தப் படத்துக்காகத்தான் அவர் மோட்டார் சைக்கிளே ஓட்டப் பழகினாராம். எங்கள் பிள்ளைகள் இதை நம்பவில்லை. “கிராபிக்ஸ்தானே வாப்பா” என்றார்கள். அடிபடுகிற கட்டம் வந்த பிறகுதான் வாயை மூடினார்கள்.

கதை கோலாலம்பூருக்குப் போவதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. வியாபாரியின் மனைவி அங்கே சிறையில், மரண தண்டனையை எதிர்நோக்கியபடி. சுவிஸ் கணக்கின் இரகசிய எண் அவளிடம். மலேசியாவில் போதைவஸ்துக் கடத்தலுக்கு மரண தண்டனை 1983ல் கட்டாயமாக்கப்பட்டது. நீதிபதிக்கு வேறு தண்டனை கொடுக்கவே அதிகாரம் இல்லை. 1986ல் இரண்டு அவுஸ்திரேலியர்களைத் தூக்கிலிட்டபோது உலகமே பேசியது. கட்டாயம் என்கிற அந்தச் சொல்லை மலேசியா நீக்கியது 2023ல்தான். ஆகவே அன்று படம் பார்த்தவர்களுக்கு அந்தப் பெண்ணின் பயத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது அந்தக் கடைசிப் பேச்சுக்கு வருவோம். ஹொங்கொங் பொலிஸ்காரன், சீனப் பொலிஸ்காரி, மலேசிய மண், சுவிஸ் வங்கியில் பணம். ஹெலிகொப்டரை விட இந்தச் சில விநாடிகள்தான் படத்தில் உயர்ந்தது என்பது எங்கள் முடிவு. சினேகிதர்கள் ஏற்கவில்லை, பரவாயில்லை. பணம் யாருக்கு என்ற கேள்விக்குப் பின்னால் அந்த ஊரின் முழுக் கேள்வியும் இருந்தது. ஹொங்கொங் உழைத்துச் சேர்த்தது 97க்குப் பிறகு யாருடையது? அதை வாய்விட்டுக் கேட்டால் அரசியல். பகிடியாகக் கேட்டால் படம். பகிடியில் இன்னொரு வசதியும் இருக்கிறது, பதில் சொல்லத் தேவையில்லை.

பதிலைப் பின்னால் வந்த படங்களே சொல்லிவிட்டன. இதைத்தான் அந்தப் பையனுக்கு அன்றிரவு சொல்லியிருக்க வேண்டும்.

1996ல் நாலாவது படம். கா-குய் அமெரிக்க உளவுத்துறைக்காக உக்ரைனுக்குப் போகிறான், பிறகு அவுஸ்திரேலியா. ஹொங்கொங் அதில் இருந்தும் இல்லாத மாதிரி. முதல் படத்தில் குடிசையும் கடைத்தொகுதியும் பஸ்ஸுமாகத் திரையை நிரப்பிய ஊர், கைமாறும் தேதி நெருங்க நெருங்கத் திரையில் இருந்து கழன்று போகிறது. மூன்றாவது படத்திலேயே அது தொடங்கிவிட்டது, கணக்குப் பண்ணிப் பாருங்கள்: குவாங்சோ, ஃபோஷான், தாய்லாந்து எல்லைக் காடு, கோலாலம்பூர். ஹொங்கொங்குக்குக் கிடைத்தது மிச்சம்தான். 1997 ஜூலை 1ல் ஹொங்கொங் பொலிசின் பெயரில் இருந்த ‘அரச’ என்கிற சொல் எடுக்கப்பட்டது. 1967 கலவரத்தை அடக்கியதற்காக மகாராணி 1969ல் கொடுத்த பட்டம் அது. 2004ல் ‘நியூ பொலிஸ் ஸ்டோரி’ வந்தது. கா-குய் இல்லை, வேறு பெயரில் வேறு பொலிஸ்காரன். தன் அணியைப் பறிகொடுத்துவிட்டுக் குடியில் விழுந்துகிடக்கிற ஆள். அவனுக்கு எதிரிகள் பணக்கார வீட்டு இளைஞர்கள். அவர்களின் தலைவன் ஒரு பொலிஸ் உயரதிகாரியின் மகன். சிரிப்பு அநேகமாகப் போய்விட்டது.

2013ல் ‘பொலிஸ் ஸ்டோரி 2013’. இதைப் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள், பெரிதாக நட்டமில்லை. ஆனால் ஒரு விஷயத்துக்காகப் பார்க்கலாம். கதை நடப்பது பெய்ஜிங்கில். ஜாக்கி சான் அதில் சோங் வென் என்கிற சீனப் பொலிஸ் அதிகாரி. மூன்றாம் பாகத்தின் கடைசியில் ஒருவர் ஹொங்கொங், ஒருவர் சீனா என்று இரண்டு பேர் நின்று வாதிட்டார்களே, 21 வருடம் கழித்து அதே நடிகர் மற்றப் பக்கத்துச் சீருடையில் இருக்கிறார். வாதிட எதிரில் ஆளில்லை.

அதே 2013ல் அவர் சீனாவின் மக்கள் அரசியல் ஆலோசனை மாநாட்டுக்கு உறுப்பினரானார். 2009ல் ஒரு மாநாட்டில், சீனர்களுக்குக் கட்டுப்பாடு தேவை என்ற கருத்தில் அவர் பேசியது ஹொங்கொங்கில் பெரிய கோபத்தைக் கிளப்பியிருந்தது. 1989ல் ஹெப்பி வெலி மேடையில் நின்றவரும் இவர்தான். எங்களில் ஒருவர் அன்றிரவு ‘காசுக்கு வித்துட்டார்’ என்றார். இன்னொருவர் ‘அவருடைய நாடு, அவர் நேசிக்கிறார், உனக்கென்ன?’ என்றார். நாங்கள் இரண்டு பக்கமும் போகவில்லை. சிறுவயதில் சுவரில் ஒட்டி வைத்த முகம் அது, கிழித்துப் போட மனம் வராது. ஆனால் ஒன்றை மறைக்கவும் முடியாது. முதல் படத்தில் மேலதிகாரியைப் பிணையாகப் பிடித்த அந்தப் பொலிஸ்காரனை இன்று அவரே நடிக்க மாட்டார்.

2019 உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஹொங்கொங் தெருக்களில் மாதக்கணக்கில் ஆர்ப்பாட்டம், கண்ணீர்ப்புகை. பொலிஸ் நீர்பீச்சி வண்டியில் நீலச் சாயம் கலந்து அடித்தார்கள், சாயம் பட்டவரைப் பிறகு அடையாளம் பிடிக்கலாம் என்பதற்காக. ஒக்டோபர் 20ஆம் திகதி அந்த வண்டி நேதன் வீதியில் கவ்லூன் பள்ளிவாசலுக்கு முன்னால் நின்று, வாசலை நோக்கி அடித்தது. பள்ளிப் படிக்கட்டு முழுக்க நீலம். அந்தப் படம் எங்கள் கைபேசிகளுக்கும் வந்தது.

அந்தப் பள்ளிக்கு ஒரு கதை இருக்கிறது. 1896ல் பிரித்தானியப் படையில் இருந்த இந்திய முஸ்லிம் சிப்பாய்களுக்காகக் கட்டியது. ஹொங்கொங் பொலிசிலும் சீக்கியரும் பஞ்சாபி முஸ்லிம்களும் ஒரு காலத்தில் நிறைய இருந்தார்கள். ஒரு காலனியை இன்னொரு காலனியின் ஆட்களை வைத்துக் காவல் செய்வது பிரித்தானியரின் பழக்கம். நம் நாட்டிலும் அந்தக் காலப் பொலிசில் மலாய்க்காரர்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கொழும்புப் பக்கத்து மலாய்க் குடும்பங்களைக் கேட்டால் சொல்வார்கள். இப்போதுள்ள பள்ளிக் கட்டடம் 1984ல் திறக்கப்பட்டது, கூட்டுப் பிரகடனம் கையெழுத்தான அதே வருடம். முதல் ‘பொலிஸ் ஸ்டோரி’யில் ஜாக்கி சான் சறுக்கி இறங்கிய கடைத்தொகுதியும் அதே சிம் ஷா சுய் பகுதிதான், நடந்தே போகலாம்.

சாயம் அடித்த அன்றே, முஸ்லிம் அல்லாத ஊர்ச் சனம் துணியும் வாளியும் கொண்டுவந்து பள்ளிப் படிக்கட்டைக் கழுவினார்கள். அடுத்த நாள் ஹொங்கொங் தலைமை நிர்வாகி கெரி லாம் நேரில் வந்து மன்னிப்புக் கேட்டார். பள்ளி நிர்வாகமும் ஏற்றுக்கொண்டது.

பையனுக்கு இவ்வளவும் சொல்லி முடித்தால் தூங்கிவிடுவான் என்று சினேகிதர் ஒருவர் சொன்னார். இருக்கலாம். அடுத்த நாள் காலையில் அவன் கேட்டது வேறு: மிஷெல் இயோ கார் மேலிருந்து விழுந்தது நிசமா? நிசம்தான். வேனின் மேலிருந்து, பின்னால் ஜாக்கி சான் ஓட்டி வருகிற காரில் விழ வேண்டும். முதல் தடவை பிடி கிடைக்காமல் காரில் மோதி வீதியில் உருண்டார். ஜாக்கி சான் எட்டிப் பிடிக்கப் பார்த்தது தெரியும். பிறகு எழும்பி, அதே கட்டத்தைத் திரும்பச் செய்தார். படத்தில் இருப்பது அதுதான்.

ஒரு உதவி. அமெரிக்காவில் இந்தப் படத்தை 1996ல் வெட்டிக் குறைத்து, பாட்டை மாற்றி, ஆங்கிலம் பேச வைத்து ‘சுப்பர் கொப்’ என்று விட்டார்கள். நம் ஊரில் ஓடியது அந்தப் பிரதியா, ஹொங்கொங் பிரதியா? அலுமாரியின் அடியில் யாரிடமாவது அந்தப் பழைய கெசட் கிடந்தால் சொல்லுங்கள். டெக் எங்களிடம் இருக்கிறது. ஹெட்டைத் துடைத்தால் ஓடும்.